புஞ்சை என்னும் சொல்லின் பொருளும் வரலாறும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய இரு தாலுகாக்களிலுமுள்ள கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடன் கோரி அங்கத்தினர்கள் கொடுக்கும் மனுக்களைப் புரட்டிப் பார்த்தால், நிலத்தின் வகையைக் குறிக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரே சொல் எழுதப்பட்டிருக்கக் காணலாம். புஞ்சை என்பதே அச்சொல். எழுதுபவரும் அதை நின்று நோக்குவதில்லை, வாசிப்பவரும் நோக்குவதில்லை. பேச்சிலோ அச்சொல் ஒரு பெருமூச்சைப் போல வெளிப்படுகிறது. "வெறும் புஞ்சைதானே, ஐயா" என்று நிலத்துக்குடையவரே சொல்லுவதும், அதைக் கேட்டுத் தரகர்கள் விலையைக் குறைத்துப் பேசுவதும், கடைசியில் குடும்பத்தின் மூன்று தலைமுறை உழைப்பு சொற்பத் தொகைக்குக் கைமாறிப் போவதும் இப்பிரதேசத்தில் அபூர்வமான காரியங்கள் அல்ல. ஆகையால் இச்சொல் எங்கிருந்து வந்தது, அது எதைச் சொல்லுகிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது அவசியமாகிறது.

புஞ்சை என்பது புன்செய் என்பதன் பேச்சு வடிவம். நன்செய் நஞ்சை ஆனதுபோலவே புன்செய் புஞ்சை ஆயிற்று. சில கிராமங்களில் அதுவும் தேய்ந்து பிஞ்சை என வழங்குகிறது. புன்செய் என்பதைப் பிரித்தால் புன்மை, செய் என்ற இரண்டு சொற்கள் கிடைக்கும். புன்மை என்றால் சிறுமை, தாழ்வு, வளக்குறைவு. செய் என்றால் பயிரிடும் நிலம். ஆக, வளங்குறைந்த வயல் என்பது அதன் நேர்பொருள்.

இதில் ஒரு தவறான விளக்கமும் வழங்கி வருகிறது. தென் ஜில்லாக்களில் கம்பைக் கம்மம்புல் என்று சொல்லும் வழக்கம் உண்டல்லவா? அதைக்கொண்டு, புல் விளையும் செய் புன்செய் ஆயிற்று என்று சிலர் கூறுவர். கேட்பதற்கு அழகாயிருந்தாலும் இலக்கணம் அதற்கு இடங்கொடுப்பதில்லை. கல் என்பதோடு சிலை சேர்ந்தால் கற்சிலை ஆகிறது. புல் என்பதோடு தரை சேர்ந்தால் புற்றரை ஆகிறது. அவ்வாறே புல்லும் செய்யும் சேர்ந்திருந்தால் புற்செய் என்று வந்திருக்கவேண்டும். புன்செய் என்று நிற்பதால் புன்மையே அதன் முதற்பகுதி என்பது வெளிப்படை. நன்மைக்கு எதிராகப் புன்மை நிற்பதுபோல நன்செய்க்கு எதிராகப் புன்செய் நிற்கிறது.

அங்கத்தினர்கள் பொதுவாகக் கவனியாமல் விடுவது இரண்டாவது பகுதியைத்தான். செய் என்பது வயலுக்குப் பெயர். சில இடங்களில் நில அளவின் பெயராகவும் வழங்கியது. தொழில் புரிதலைக் குறிக்கும் செய் என்ற வினையும் இதே வடிவில் இருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணுவது தமிழ் அறிந்தவர்களுக்கு இயல்பாகவே தோன்றும். கையால் செய்யப்படுவதே செய்; உழுது, வரப்பிட்டு, விதைத்து, களையெடுத்து வேலை செய்யப்பெற்ற பூமியே செய். பாறைக்கும் களருக்கும் மேய்ச்சல் வெளிக்கும் அப்பெயர் ஒருபோதும் கிடையாது. எனவே புன்செய் என்று அழைத்தவர்கள் அந்நிலத்தைத் தாழ்வாக எண்ணியிருக்கலாமே ஒழிய, பயிருக்கு உதவாத நிலம் என்று சொல்லவில்லை. பயிர்நிலங்களுக்குள்ளே ஒரு வகை என்றே சொன்னார்கள்.

நன்செய், புன்செய் என்ற இரட்டைப் பாகுபாடு தமிழ்நாட்டில் மிகப் பழமையானது. பழைய கல்வெட்டுக்களில் நிலதானம் கூறுமிடங்களில் புன்செய் என்னும் சொல் காணப்படுகிறது. ஊர்ப் பெயர்களிலும் அது ஏறி அமர்ந்திருக்கிறது. கரூர் ஜில்லாவில் நஞ்சைப் புகளூர் என்று ஓர் ஊரும் புஞ்சைப் புகளூர் என்று மற்றோர் ஊரும் இருக்கின்றன. ஈரோடு ஜில்லாவில் புஞ்சைப் புளியம்பட்டி பெரிய சந்தையூர். பெயரில் புஞ்சை ஒட்டியிருப்பதால் அவ்வூராருக்குக் குறைவொன்றும் நேரவில்லை.

சங்க நூல்களில் இதே பொருளுக்குப் புன்புலம் என்ற சொல் வழங்கியது. அங்கே நீர்வளமுள்ள மருத நிலம் மென்புலம் எனப்பட்டது. மேட்டுப் பூமி வன்புலம், புன்புலம் எனப்பட்டது. புறநானூற்றின் 18-ம் பாட்டு இவ்விஷயத்தில் மிகவும் முக்கியமானது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் என்னும் புலவர் கூறும் அறிவுரை அது. உணவு என்பது நிலமும் நீரும் சேர்ந்ததே என்றும், விதையை இட்டுவிட்டு மேகத்தை எதிர்நோக்கியிருக்கும் புன்புலம் எவ்வளவு பரந்து கிடந்தாலும் ஆளும் அரசனுடைய முயற்சிக்குத் துணையாகாது என்றும், ஆகவே பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கவேண்டும் என்றும் அவர் எடுத்துரைக்கிறார். பாண்டி நாட்டின் கண்மாய்களுக்குக் காரணமான எண்ணம் இத்தகையது. வைகைக்கும் குண்டாற்றுக்கும் இடைப்பட்ட பூமியிலே ஒன்றன் மறுகால் மற்றொன்றில் விழும்படி கண்மாய்கள் தொடர்தொடராக அமைந்திருப்பதைக் கண்டவர்கள் அப்பாட்டின் கருத்தை எளிதில் அறிவார்கள்.

அப்பாட்டில் புன்புலத்தைக் குறைவாக மதிப்பிடுபவர் யார் என்பதையும் நோக்கவேண்டும். அரசனுக்கு ஆலோசனை சொல்லுபவர் அவர். கண்மாய்ப் பாசனத்து நெல் வருஷந்தோறும் இவ்வளவு என்று கணக்கிடக்கூடியது. களத்திலேயே அளந்து பங்கு வாங்கக்கூடியது. மழையை நம்பிய சோளமும் கம்பும் பருத்தியும் ஒரு வருஷம் மலைபோல் குவியும். மறு வருஷம் விதைக்கும் வராது. ஆகவே களஞ்சியத்தை நிரப்ப நினைத்தவர்களின் பார்வையில் அது புன்மையுடையதாயிற்று. புன்செய் என்ற பெயர் மண்ணைத் தோண்டிப் பார்த்து இட்ட பெயரன்று; வரவுப் புத்தகத்தைப் பார்த்து இட்ட பெயர் என்று கொள்ளுவது பொருத்தமாகும்.

இந்நாட்டுக் கரிசல் மண்ணைத் தரத்தில் தாழ்ந்ததென்று மண்ணறிந்தவர் எவரும் கூறத் துணியார். அது ஈரம் பட்டால் பூரித்துப் பொங்கும். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளக்கும். நுண்ணிய களிமண்ணின் இயல்பு அது. ஐப்பசி கார்த்திகையில் பெய்த மழையைத் தன்னுள் பிடித்துவைத்து, மழை நின்று பல வாரங்கள் கழிந்தபின்னும் பருத்திச் செடிக்கும் மல்லிக்கும் சிறிது சிறிதாகக் கொடுக்க வல்லது. 1901-ம் வருஷத்தில் கோவில்பட்டியில் சர்க்கார் விவசாயப் பண்ணை ஏற்பட்டதே இத்தகைய மண்ணின் பருத்தியை ஆராய்வதற்காக. அருப்புக்கோட்டைக்கு அடுத்த கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குறை மண்ணில் அன்று, மழையின் நிச்சயமின்மையில்தான் இருக்கிறது.

அந்த நிச்சயமின்மையை நேராகச் சொல்லும் சொல் மற்றொன்று. மானாவாரி என்பது அது. இவ்விரண்டையும் ஒன்றென்று பலர் கொள்ளுகின்றனர். உண்மையில் இரண்டும் வேறு. தென்பாண்டிக் கிராமங்களில் வானத்தை மானம் என்பர். 'மானம் இருட்டிக்கொண்டு வருகிறது' என்பது அன்றாடப் பேச்சு. வாரி என்பதற்கு வருவாய் என்ற பொருள் உண்டு. திருவள்ளுவர் வான் சிறப்பு என்னும் அதிகாரத்தில் மழையையே வாரி என்று குறிக்கின்றார். பரிமேலழகர் அதற்கு வருவாய் என்று உரை கண்டார். வானம் தரும் வருவாயைக்கொண்டு பயிராவது மானாவாரி என்று கொள்ளுவது இயைபுடைத்து. இச்சொல் நிலத்தின் மேல் பழியேதும் சுமத்தவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை மாத்திரம் கூறுகிறது. இலங்கையிலும் மழையை நம்பி விதைக்கும் நெல்லை மானாவாரி என்றே தமிழர் வழங்குகின்றனர்.

நெல்லுக்கும் மானாவாரி உண்டு என்பதைக் கவனிக்கவேண்டும். திருச்சுழிப் பக்கத்திலே கண்மாய் ஆயக்கட்டுக்குள் கணக்கில் நஞ்சையென்று தாக்கலான வயல்கள், கண்மாய் பெருகாத வருஷங்களில் புழுதியில் விதைத்து மழையை எதிர்பார்க்கும் வயல்களாகிவிடுகின்றன. அவை பதிவேட்டில் நஞ்சை; அவ்வருஷத்து உண்மையில் மானாவாரி. இதற்கு நேர்மாறாக, அருப்புக்கோட்டையைச் சுற்றிச் சொந்தக் கிணற்று நீரால் மல்லிகைப்பூ விளையும் தோட்டம் பதிவேட்டில் புஞ்சையாக இருக்கும். தினந்தோறும் தண்ணீர் பாயும் தோட்டம் புஞ்சையென்றும், காய்ந்து வெடித்த வயல் நஞ்சையென்றும் இருப்பது புதியவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றும். இதற்குக் காரணம் ரெவின்யூ சரித்திரத்தில் இருக்கிறது.

இவ்விரு தாலுகாக்களின் பெரும்பகுதி முன்பு ஜமீன் பூமி. இராமநாதபுரம் சமஸ்தானத்துக்கு 1803-ம் வருஷத்தில் சாசுவத சன்னது கொடுக்கப்பட்டது. ஜமீன் நாட்களில் பெரும்பாலும் நஞ்சைக்கு விளைவில் வாரமாகவும் புஞ்சைக்குப் பணத் தீர்வையாகவும் வாங்குவது வழக்கம். 1908-ம் வருஷத்து எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் குடிகளுக்கு அனுபோக பாத்தியதையை உறுதிப்படுத்திற்று. பின்னர் 1948-ம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன்கள் எடுபட்டு, நிலங்கள் சர்வே செய்யப்பட்டு ரயத்துவாரிப் பட்டாக்கள் வழங்கப்பெற்றன. இராமநாதபுரம் ஜில்லா பிரிக்கப்பட்டு 1985-ம் வருஷத்தில் விருதுநகர் ஜில்லா உண்டானபோது இவ்விரு பகுதிகளும் அதில் சேர்ந்தன.

ரயத்துவாரி முறையில் நஞ்சை, புஞ்சை என்ற சொற்களுக்குப் பழைய பொருள் அப்படியே நிற்கவில்லை. ஆங்கில அதிகாரிகள் இச்சொற்களை மொழிபெயர்க்காமல் நஞ்சா, புஞ்சா என்று தங்கள் எழுத்திலேயே எழுதிக்கொண்டனர். ஆனால் உள்ளே ஒரு புதிய அளவுகோலை வைத்தனர். சர்க்காருக்குச் சொந்தமான ஆறு, கால்வாய், கண்மாய் முதலியவற்றிலிருந்து நீர் பெறும் உரிமையுள்ள நிலம் நஞ்சை. அவ்வுரிமை இல்லாதது புஞ்சை. குடியானவர் தம் செலவில் கிணறு வெட்டி நிலத்தை அபிவிருத்தி செய்தால் அந்த அபிவிருத்திக்கு வரி கூட்டலாகாது என்பது அம்முறையின் கொள்கைகளில் ஒன்று. ஆகையால் கிணற்றுப் பாசனமுள்ள நிலமும் புஞ்சையாகவே நின்றது. தண்ணீர் இருக்கிறதா என்பதன்று கேள்வி. தண்ணீர் யாருடையது என்பதே கேள்வி. நீர் வரத்து இல்லாமல் சாவியான வருஷத்தில் நஞ்சைக்குத் தீர்வை வஜா கிடைப்பது சாதாரணம். புஞ்சைக்குப் பெரும் பஞ்ச காலத்திலன்றிக் கிடைப்பதரிது. புஞ்சைத் தீர்வை குறைவாக வைக்கப்பட்டதே மழைத் தவறுதலையும் கணக்கிட்டுத்தான் என்பது அக்காலத்து நியாயம்.

தீர்வை முக்கியமாக இருந்த காலம் கழிந்தது. ஆனால் சொல் பிழைத்திருக்கிறது. வேறு காரியங்கள் அதன்மேல் ஏறியிருக்கின்றன. சிறு, குறு விவசாயி என்ற சான்றுக்குத் தமிழ்நாட்டில் வைக்கப்பட்டுள்ள அளவைப் பார்க்கலாம். நஞ்சையானால் இரண்டரை ஏக்கர் வரை உடையவர் சிறு விவசாயி. புஞ்சையானால் 5 ஏக்கர் வரை. குறு விவசாயிக்கு நஞ்சையில் ஒன்றேகால் ஏக்கர், புஞ்சையில் இரண்டரை ஏக்கர். சொட்டுநீர்ப் பாசனக் கருவிகளை முழு மானியத்தில் பெறுவது போன்ற சகாயங்கள் இந்தச் சான்றைப் பொறுத்தவை. 4 ஏக்கர் வைத்திருக்கும் ஒருவருடைய நிலம் உண்மையில் புஞ்சையாயிருந்து கணக்கில் நஞ்சையென்று நின்றால் அவர் சிறு விவசாயி ஆகமாட்டார். தம் பட்டாவில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளாமல் மனு எழுதுபவரை நம்பிக் கையெழுத்திடுவது நஷ்டத்துக்கு இடமாகும்.

சங்கத்தில் கடன் வாங்குவதிலும் இதற்கொப்பான சங்கடம் உண்டு. பயிர்க்கடனின் அளவு நிலத்தின் வகையை மாத்திரம் பொறுத்ததன்று. ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஜில்லா அளவிலான தொழில்நுட்பக் குழு நிர்ணயிக்கிறது. அதிலும் இறவைப் பயிருக்கு ஓர் அளவு, மானாவாரிப் பயிருக்கு ஓர் அளவு. கிணற்று நீரால் பருத்தி பயிரிடும் அங்கத்தினர் மனுவில் புஞ்சை என்று மாத்திரம் எழுதிவிட்டால், அது மானாவாரி என்றே கொள்ளப்பட்டுக் கடன் குறையக்கூடும். புஞ்சை, இறவை என்று இரண்டையும் எழுதுவதே சரி. புஞ்சை என்பது பதிவின் பெயர். மானாவாரியும் இறவையும் பாசனத்தின் பெயர்கள். இந்தப் பேதம் விளங்காமையால் நேரும் வீண் தாமதங்கள் அநேகம்.

இனி, குடியானவர்கள் தாங்களே தங்கள் நிலத்துக்கு இட்டிருக்கும் பெயரைப் பார்க்கலாம். அருப்புக்கோட்டைச் சீமையிலே எந்த மூதாட்டியாவது காலையில் கூலியாட்களுடன் புறப்படும்போது, புஞ்சைக்குப் போகிறேன் என்று சொல்லுவதில்லை. காட்டுக்குப் போகிறேன் என்றே சொல்லுவார். கரிசக்காடு, செவக்காடு, பருத்திக்காடு, சோளக்காடு என்று எல்லாம் காடுதான். மரங்களே இல்லாத வெட்டவெளியைக் காடு என்பதேன் என்று வடக்கிலிருந்து வருபவர்கள் நகைப்பதுண்டு. முட்செடியும் புதரும் மண்டியிருந்த பூமியைத் திருத்தி உழவுக்குக் கொண்டுவந்தார்கள். காடு போய்விட்டது, பெயர் போகவில்லை. பத்திரங்களில் இச்சொல் வனம் என்ற பொருளில் வாசிக்கப்படாதபடி புல எண்ணையும் சேர்த்து எழுதிவிடுவது நலம்.

மண்ணைப் பொறுத்த பெயர்களில் அவர்கள் இன்னும் நுட்பமாக இருக்கின்றனர். கருமை காரணமாகக் கரிசல். செம்மை காரணமாகச் செவல். இரண்டுங் கலந்த இடங்களுக்கும் கல் கலந்த சரளைக்கும் தனித்தனிப் பெயர்கள். களர், உவர், பொட்டல் என்றால் ஏர் அங்கே போகாது. சர்க்கார் செட்டில்மெண்டில் மண்ணைக் கரிசல், செவ்வல், மணல் என்று வகுத்து, ஒவ்வொன்றிலும் தரம் பிரித்துத் தீர்வை விதித்தபோது, குடியானவர்கள் அறிந்திருந்ததையே அதிகாரிகள் எழுதிக்கொண்டனர் என்று சொல்லலாம். ஒரு சொல் மாத்திரம் இங்கே தலைகீழாய் நிற்கிறது. கரம்பு என்றால் இலக்கிய வழக்கில் சாகுபடியற்ற பாழ்நிலம். இப்பக்கத்திலோ கரம்பை என்றால் கண்மாயின் அடியில் படிந்த வண்டல். செவக்காட்டுக்கு அதைவிடச் சிறந்த எரு இல்லையென்று வண்டி வண்டியாக அடிப்பார்கள்.

பிறநாட்டார் தங்கள் பயிர்நிலத்தை எப்படி அழைத்தார்கள் என்பதும் அறியத்தக்கது. ஆங்கிலத்தில் அரபிள் என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. உழக்கூடியது என்பது அதன் பொருள். ஏர் போகுமா போகாதா என்பதே அவர்களுடைய கேள்வி. நமது ஏர் என்னும் சொல்லோடு அதற்கு ஒலியொற்றுமை இருப்பதைக்கொண்டு உறவு கற்பிப்பது சரியன்று. பாரசீகம் வழங்கிய நைஜாம் ராஜ்யத்திலே தண்ணீர் பாயும் நிலம் தரி, அதாவது ஈரம். பாயாதது குஷ்கி, அதாவது உலர்ந்தது. பஞ்சாபிலே மழையை நம்பிய பூமியைப் பாரானி என்பர். பாரான் என்றால் மழை. மானாவாரிக்கு இதைவிட நெருங்கிய துணைச்சொல் கிடைப்பதரிது. தெலுங்கர் மேட்டு நிலம் என்ற பொருளில் மெட்ட என்பர். இச்சீமையில் தெலுங்கு பேசும் குடியானவர்கள் அதை நன்கறிவார்கள். உலர்ச்சி, மழை, மேடு என்று மற்றவர்கள் பெயரிட்டிருக்க, புன்மை என்று பெயரிட்டவர்கள் தமிழர்களே.

புஞ்சைக்கு எதிர்ச்சொல் நஞ்சை என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். குடியானவரைப் பொறுத்தவரையில் அதன் உண்மையான எதிர்ச்சொல் தரிசு. செய்யப்படுவது செய்யென்றால், செய்யப்படாதது தரிசு. நஞ்சையாகப் பதிவான நிலமும் புஞ்சையாகப் பதிவான நிலமும் தம்மளவில் ஒன்று மற்றொன்றாகிவிடுவதில்லை. அதற்கு உத்தரவு வேண்டும். ஆனால் தரிசாவதற்கு உத்தரவு வேண்டியதில்லை. உழாமல் விட்டால் போதும்.

சர்க்கார் புள்ளிவிவரங்களில் நிலம் 9 வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதில் மூன்று வகைகள் தரிசைப் பற்றியவை. இவ்வருஷம் மாத்திரம் பயிரிடாமல் விட்டது நடப்புத் தரிசு. ஒரு வருஷத்துக்கு மேல் 5 வருஷம் வரை விடப்பட்டது இதரத் தரிசு. 5 வருஷங்களுக்கும் மேலாக விடப்பட்டால் அது பயிரிடத்தக்க தரிசு என்ற கலத்துக்குப் போய்விடுகிறது. உலக உணவு விவசாய ஸ்தாபனமும் 5 வருஷத்துக்கு உட்பட்ட தரிசையே பயிர்நிலக் கணக்கில் சேர்க்கிறது. நிலம் ஓரடிகூட நகராமல், மண் ஒரு பிடிகூடக் குறையாமல், கணக்கில் ஒவ்வொரு படியாய் இறங்கிப் போகிறது.

இதை எழுதிவைக்கும் ஏடுதான் அடங்கல். ஜூலை 1-ம் தேதி தொடங்கி மறு ஜூன் 30-ம் தேதி முடியும் பசலி ஒவ்வொன்றிலும், எந்தப் புல எண்ணில் எந்தப் பயிர், எவ்வளவு பரப்பு, எந்த நீரால் என்பது அதில் பதிவாகிறது. முன்பு பரம்பரைக் கர்ணம் எழுதினார். 1980-ம் வருஷத்தில் அப்பதவிகள் நீக்கப்பட்ட பிறகு கிராம நிர்வாக அதிகாரியிடம் அவ்வேலை சேர்ந்தது. இப்போது கணினியிலும் பதிவு செய்யப்பட்டு வருகிறது. யார் எழுதினாலும் குடியானவர் கூறாமல் விட்டால் பிழை நேரக்கூடும். உளுந்து விதைத்திருக்க, போன பசலியின் பதிவைப் பார்த்துத் தரிசு என்றோ வேறு பயிர் என்றோ பதிவாகிவிட்டால் என்ன ஆகும்? பயிர்க்கடன் மனுவோடு அடங்கல் நகல் வைக்கவேண்டும். 2016-ம் வருஷத்தில் ஏற்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திலும் விதைப்புக்கு அத்தாட்சி வேண்டும். அத்திட்டத்தில் விவசாயி செலுத்தவேண்டிய பங்கு காப்புத் தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று வரையறுக்கப்பட்டுள்ளது: தானியம், பயறு, எண்ணெய் வித்துக்களுக்குக் காரிப் பருவத்தில் 2, ராபிப் பருவத்தில் ஒன்றரை, பருத்தி முதலிய வாணிபப் பயிர்களுக்கு 5. மீதியைச் சர்க்கார்கள் தருகின்றன. வறட்சியால் பயிர் கருகிய வருஷத்தில், அடங்கலில் தரிசென்று இருந்தால், கருகுவதற்கு அங்கே பயிரே இல்லை என்று ஆகிவிடும். மழையை நம்பிய சீமைக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்றில்லை.

தரிசை நிரந்தரமாக்கும் மற்றொரு காரியம் சீமைக் கருவேல். இது அமெரிக்கக் கண்டத்து மரம். 1870-களின் பிற்பகுதியில் கடப்பை ஜில்லாவில் பயிராக்கப்பட்டு நாளடைவில் தெற்கே பரவிற்று. உழாத புஞ்சையில் இரண்டு மழைக்குள் முளைத்துவிடும்; ஆடுமாடுகள் அதன் காயைத் தின்று விதையை எங்கும் பரப்பும். சில வருஷங்களுக்கொரு முறை வெட்டிக் கரிமூட்டம் போட்டால் கொஞ்சம் பணம் வருகிறதென்று திருச்சுழி, நரிக்குடிப் பக்கங்களில் பலர் அதை விட்டுவைத்திருக்கின்றனர். உழைப்பின்றி வரும் பணம் என்பதில் ஐயமில்லை. கூலியாள் கிடைக்காத முதியோரையும், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீட்டாரையும் இதற்காகக் குறை கூறுவதும் நியாயமன்று. ஆனால் அக்கணக்கில் எழுதப்படாத செலவு ஒன்று உண்டு. வெட்டிய மரம் அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். வேரோடு பெயர்க்க இயந்திரம் வேண்டும். அந்தச் செலவு வருஷந்தோறும் ஏறுகிறது. அண்டைக் காட்டிலே பயிர் வைத்திருப்பவருக்குப் பன்றித் தொல்லையும் சேருகிறது. ஒருவருடைய தரிசு இவ்வாறு மற்றவருடைய புஞ்சையையும் தரிசாக்கி வருகிறது.

2021-22-ல் தொடங்கப்பெற்ற அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில், ஒரே இடத்தில் சேர்ந்தாற்போல் 10 முதல் 15 ஏக்கர் வரை தரிசு நிலமுள்ளவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தால் முட்செடிகளை அகற்றவும் பொதுவில் நீர்வசதி செய்யவும் உதவி வைக்கப்பட்டது. தனியொருவராய்ப் புல்டோசர் அமர்த்த இயலாதவர்கள் எட்டுப் பத்துப் பேராகச் சேர்ந்து நிலத்தை மீட்பது, கூட்டுறவில் பழகிய அங்கத்தினர்களுக்குப் புதிய பாடமன்று. 1904-ம் வருஷத்தில் செங்கற்பட்டு ஜில்லா திரூரில் இம்மாகாணத்தின் முதல் விவசாய நாணய சங்கம் ஏற்பட்டதும் தனித்தனியே ஜாமீன் கொடுக்க இயலாதவர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீனாக நிற்கலாம் என்ற ஏற்பாட்டின்மேல்தான்.

நிலத்தை மீட்டபின் செய்யவேண்டிய காரியம் சிறிது. ஆனால் பலர் மறந்துவிடுவது. கோடை உழவு முடிந்து, புரட்டாசி மழைக்கு முன் புழுதியிலே விதைத்த பின்னர், புல எண்ணையும் பயிரையும் பரப்பையும் ஒரு காகிதத்தில் குறித்துக் கிராம நிர்வாக அதிகாரியிடம் கொடுத்து, அடங்கலில் தரிசு என்ற பழைய பதிவு நீங்கிற்றா என்று நேரில் பார்த்துக்கொள்ளவேண்டும். கூட்டுக் குடும்பப் பட்டாவாயிருந்தால் தம் பங்கில் மாத்திரம் பயிர் இருக்கிறது என்பதையும் சொல்லிப் பரப்பைப் பிரித்து எழுதச் சொல்லலாம். சங்கத்துக் காரியதரிசியிடம் கொடுக்கும் மனுவிலும் அதே புல எண், அதே பயிர், அதே பரப்பு இருக்கவேண்டும். புஞ்சை என்பதற்குப் பக்கத்தில் மானாவாரியா இறவையா என்ற சொல்லும் இருக்கவேண்டும்.